கிட்டே போனால் கலங்கும் முகம்

மதுக்கரை
12.8.1996

அன்பு மாப்பிள்ளை அமிர்தராஜுக்கு, மச்சான் தேவசகாயம் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உன் அக்கா அற்புதம் தை மாதம் கண்ணை மூடியபிறகு இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் சுகச் செய்தி இவ்வளவோடு முடிகிறது. உன் வீட்டார் நலனுக்காக ஜெபிக்கிறேன். உன் கேமராவுக்காக ஜெபிப்பதாக இல்லை.

என் மகள் கெசியா கல்யாணத்தை நீ எடுத்த கேசட்டை நேற்றும் போட்டேன். தூரத்திலிருந்து சர்ச், பந்தல், பிரியாணி அண்டா எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. நீ ஜூம் போட்டுக் கிட்டே போனதும் ஆள் மழைநாள் பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்போல் கலங்கிப்போகிறார். முதலில் டிவியைத் துடைத்தேன், பிறகு கேசட் போடும் டெக்கைத் துடைக்க ஆள் கூப்பிட்டேன், அப்புறம் என் கண்தான் போச்சு என்று கோயமுத்தூர் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்த்தால் கலங்கல்தான் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் வீடியோ கடைக் கதிரேசன் வந்து பார்த்தார். "ஏனுங்க, மொதல்ல முழுசா ஜூம் பண்ணி மூஞ்சிக்குக் கிட்டப் போயி ஃபோகஸ் வெச்சுப்போட்டு, அப்பறந்தான் பின்னால வரோணுங்க. அப்படி வந்தா கலையாதுங்க. உங்க மச்சினரு தூரத்துல வெச்சுப்போட்டுக் கிட்டப் போயிருக்காருங்க. தூரத்துல தப்பு தெரியாதுங்க" என்றார். ஆட்டோ ஃபோகஸ் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று அதை அணைத்துவைத்த மகராசன் நீ.

ஊரார் முகம் கலங்கினால் எனக்கென்ன? பந்தியில் உன் அக்கா தயிர்ப் பச்சடி வாளியோடு உன் பக்கம் திரும்புகிறாள். தூரத்தில் அவள்தான் என்று தெரிகிறது. நீ கிட்டே போகிறாய், முகம் கரைந்துவிடுகிறது. "தம்பி, அதைக் கீழ வெச்சுப்போட்டு ஒரு வாய் சாப்புடு கண்ணு" என்று குரல் மட்டும் கேட்கிறது. போட்டோவில் எல்லாம் விறைப்பாக நிற்பவள். அவள் பேசுகிற முகம் இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. டிவியை விட்டுத் தள்ளி நின்றால் தெரியுமோ என்று பின்பக்கமாகவே நகர்ந்து சமையல்கட்டு வரைக்கும் வந்துபோட்டேன். அங்கேயே நின்று அழுதுபோட்டேன் மாப்பிள்ளை.

ஆகையால் நீ எப்போது வேண்டுமானாலும் வா. அந்தக் கேமரா மட்டும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
தேவசகாயம்

பி.கு.: அடுத்த மாதம் கெசியா மகனுக்கு ஞானஸ்நானம். கேமராவைக் கொண்டு வா. வந்ததும் சாப்பிடு. பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் என் முகத்துக்குக் கிட்டே வந்து சரியாக வைத்துக்கொள். அப்புறம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ. நாளைக்குக் கெசியாவும் இப்படி டிவியைத் துடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.