நானூற்றுப் பதினேழாம் மண்டபத்தின் அமைதி

கடலுக்கும் மலைக்கும் நடுவே தேறல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் கிணறு வெட்டிக்கொள்வது அவரவர் பாடு. மது ஊற்றிக் கொடுப்பது மட்டும் அரண்மனையின் பொறுப்பு. ஊருக்கு ஊர் அரண்மனை கட்டிய மதுமண்டபங்கள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அரசர் தம் மக்களில் ஒருவரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆனால் மண்டபங்களின் எண்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

நானூற்றுப் பதினேழாம் மண்டபத்தின் வாயிற்காவலன் பூவுலிங்கம். ஏறக்குறைய வாசல் அகலம் இருப்பான். பேச்சு குறைவு. உள்ளே யாராவது ரகளை செய்தால் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பான். அந்த ஆள் கத்தி முடிக்கும்வரை காத்திருப்பான். பிறகு இடது கையை அவர் தோளைச் சுற்றிப் போட்டு, "சாப்ட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்பான். பதிலை யோசித்துச் சொல்வதற்குள் அவர் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கை பார்ப்பதற்கு அணைப்புப் போல இருக்கும். அதற்குள் இருப்பவரால் அசைய முடியாது. பதினோரு ஆண்டுகளில் அவன் யாரையும் அடித்ததில்லை.

ஊற்றிக் கொடுப்பவர் மாடக்கண்ணு. ஐம்பது வயது, ஒல்லி, வாய் மட்டும் கனம்.

ஒரு மத்தியானம் கோட்டைச்சாமி என்பவர், சுண்டலில் தேங்காய் குறைவு என்ற காரணத்தால் முக்காலியைத் தூக்கி மாடக்கண்ணுவின்மேல் எறிந்தார். அன்றோடு மாடக்கண்ணுவின் இடது காது கேட்பதை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது முக்காலி கிளம்புவதற்குள் பூவுலிங்கத்தின் கை வந்துவிட்டது.

மறுநாள் கோட்டைச்சாமியிடமிருந்து அரண்மனைக்கு ஒரு முறையீடு போனது. காதைப் பற்றியல்ல, தோளைப் பற்றி.

குடிக்க வந்தவர் ரகளை செய்தால் ஊழியர் அவரைப் பிடிக்கலாமா, கூடாதா என்று அரசவை மூன்று நாள் ஆராய்ந்தது. மூன்றாம் நாள் மது அமைச்சர் எழுந்தார்.

"அரசே, உழவர்களின் தோளில் கலப்பை இருக்கிறது. நெசவாளர்களின் தோளில் நூல் இருக்கிறது. மது அருந்துவோரின் தோளில்தான் இந்த அரியணை இருக்கிறது. அந்தத் தோளில் ஒரு காவலன் கை போட்டால், அவன் எதன்மேல் கை போட்டான் என்று பொருள்?"

அரசர் குனிந்து அரியணையின் கால்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொடாநெறிச் சட்டம் அன்றே பிறந்தது. மண்டபத்தில் யாரையும் யாரும் பிடிக்கக் கூடாது. பிடித்தவனுக்கு வேலையும் போகும், ஊரும் போகும். சபலத்துக்கு இடம் தராமல், காவலர்களின் கைகள் வேலை நேரத்தில் பின்புறம் கட்டப்பட்டிருக்கும்.

கட்டுவதற்கு ஓர் அதிகாரி வந்தார். "இது சாதாரணக் கயிறு அல்ல. அரண்மனைப் பட்டு. உன் தொழிலுக்கு இதுவரை கிடைக்காத மரியாதை."

"முதுகு அரிச்சா என்னய்யா செய்வான்?" என்று மாடக்கண்ணு கேட்டார்.

"அதற்குரிய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது."

கோட்டைச்சாமி தினமும் வரத் தொடங்கினார். கை கட்டப்பட்ட காவலனைப் பார்த்து இரக்கப்பட்ட சிலர் பூவுலிங்கத்தின் வாயில் சுண்டல் ஊட்டிவிட்டார்கள். முக்காலிகள் பறந்தன. மாடக்கண்ணு ஒரே மாதத்தில் இரண்டு பற்களை இழந்தார்.

"பல்லு போவட்டும்லே, பேசுததுக்கு நாக்கு இருக்கு" என்றார் அவர், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "இந்த வலது காதும் போச்சுன்னா எவன் என்ன கேக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஊத்துத வேலையும் போயிரும். வேற என்ன தெரியும் எனக்கு?"

பூவுலிங்கம் அந்த வலது காதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பற்களைப் பற்றிய செய்தி அரண்மனைக்கு எட்டியபோது, அரசு சும்மா இருக்கவில்லை. ரகளை செய்பவர்முன் காவலர்கள் உரக்க ஒப்பிக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்றை அனுப்பிவைத்தது. 'மாட்சிமைமிக்க அருந்துநர் பெருமானே, தங்கள் சீற்றத்தின் நியாயத்தை ஒரு கணமும் ஐயுறாது' என்று தொடங்கி நாற்பத்தாறு வரி. பூவுலிங்கம் எட்டாவது வரியை எட்டுவதற்குள் மண்டபத்தில் எறிவதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

பிறகு அரசரின் பிறந்தநாள் வந்தது. ஒவ்வொரு மண்டபத்திலும் விசுவாசமான வாடிக்கையாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்தும் கணத்தில் மட்டும் காவலனின் கயிற்றை அவிழ்க்கலாம் என்று ஆணை. கோட்டைச்சாமி தலைக்குமேல் முக்காலியைத் தூக்கியிருந்த நேரத்தில் பூவுலிங்கம் ஆடையோடு போனான். முக்காலி தூக்காத நேரம் அவருக்குக் கிடையாது.

ஆடை தோளில் விழுந்ததும் கோட்டைச்சாமி முக்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். கைகளைக் கூப்பினார். தலையைச் சற்றே சாய்த்து, யாரோ படம் வரைவதற்குக் காத்திருப்பதுபோல் அசையாமல் நின்றார். தேறல்நாட்டில் எப்பேர்ப்பட்ட வெறியிலும் பொன்னாடையை எதிர்த்தவன் கிடையாது.

பூவுலிங்கம் ஒரு நிமிடம் யோசித்தான். ஆடையின் இரு முனைகளையும் இன்னும் கொஞ்சம் இழுத்தான். கூப்பிய கைகள் உள்ளேயே அடங்கின. பின்னால் ஒரு முடிச்சுப் போட்டான்.

"சாப்ட்டியளா அண்ணாச்சி?"

எல்லோரும் கைதட்ட, கோட்டைச்சாமி புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். யாரும் அவரைத் தொடவில்லை.

பிறந்தநாளோடு ஆணை முடிகிறது என்று யாரும் எழுதாததால், கோட்டைச்சாமி முக்காலியைத் தூக்கும்போதெல்லாம் பொன்னாடை விழுந்தது. பத்து நாள் அமைதி நிலவியது. மாடக்கண்ணு நிமிர்ந்து நின்று சுண்டல் தாளித்தார். பதினோராம் நாள், வாயில்லாப் பூச்சியான நெல்மண்டிக் கணக்கர் மாசானம் எழுந்து ஒரு குவளையைத் தரையில் போட்டு உடைத்தார்.

"நானும் உடச்சிருக்கேன்" என்றார். "எனக்குப் போத்த மாட்டியளா?"

"ஒரு குவளைக்கெல்லாம் கிடையாதுவே" என்றார் மாடக்கண்ணு. "கோட்டைச்சாமி எத்தன முக்காலி ஒடச்சிருக்காரு. ஒமக்கு என்ன அவசரம்?"

மாசானம் அவமானத்தோடு வீட்டுக்குப் போய், மறுநாள் கடப்பாரையுடன் வந்தார். மாதக் கடைசியில் மண்டபத்தில் ரகளை செய்யாதவன் ஒருவனும் இல்லை. நெசவாளர்கள் இரவும் பகலும் பொன்னாடை நெய்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமான சான்றோர்கள் நானூற்றுப் பதினேழில்தான் இருக்கிறார்கள் என்று அரண்மனை அறிவித்தது. அவர்களுள் அதிகமாகப் போர்த்தப்பட்டவர் கோட்டைச்சாமி: அறுபத்தொன்று. அந்த நாட்டில் ஒருவனின் தகுதியை அறிய வேறு முறை இல்லாததால், பழைய மது அமைச்சரை அனுப்பிவிட்டு அவரை அமைச்சராக்கினார்கள்.

அமைச்சர் தம் பழைய மண்டபத்தைப் பார்வையிட வந்தார். கூடவே தலைமை எழுத்தர், அவை ஓவியர், குடை பிடிப்பவர்கள். அமைச்சர் சுண்டலை வாயில் போட்டார். மென்றார். மெல்வது நின்றது. முகம் மாறியது. கை தானாக முக்காலியைத் தேடியது.

மாடக்கண்ணு வலது காதைப் பொத்திக்கொண்டு பீப்பாயின் பின்னால் ஒதுங்கினார்.

பூவுலிங்கத்தின் கயிற்றை அவசரமாக அவிழ்த்தார்கள். அவன் ஓடிப்போய்ப் பொன்னாடையைப் போர்த்தினான். ஆனால் அமைச்சரான பிறகு கோட்டைச்சாமிக்கு நாளொன்றுக்கு நூறு ஆடைகள் வந்துகொண்டிருந்தன. தோளில் விழுந்ததை ஒரு கையால் உருவிப் பின்னால் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் முக்காலியை ஓங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலையும் போகும், ஊரும் போகும். பூவுலிங்கம் அதை மறந்துவிடவில்லை. பீப்பாயைத் தாண்டித் தெரிந்த நரைத்த தலையைப் பார்த்தான். இடது கையை அமைச்சரின் தோளைச் சுற்றிப் போட்டான்.

இருவரும் மெதுவாக நடந்து புளியமரத்தடிக்குப் போனார்கள். அமைச்சர் உட்கார்ந்து, சற்று நேரத்தில் அவன் தோளிலேயே தூங்கிப்போனார்.

தலைமை எழுத்தர் சட்டப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஓவியரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"காவலன் அமைச்சரைப் பிடித்தான் என்று பதிந்தால், எதற்காகப் பிடித்தான் என்றும் பதிய வேண்டிவரும்."

"பதியலாமா?"

"பதியக் கூடாது. ஆகவே அமைச்சர்தான் தழுவினார். ஏழைத் தொழிலாளி ஒருவனை, அன்பு மேலிட்டு."

ஓவியர் பூவுலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "இவன் பக்கத்தில் அமைச்சர் சிறுத்துத் தெரிவார்."

"அந்த ஒல்லி ஆளை வரையுங்கள். துன்பம் முகத்திலேயே எழுதியிருக்கிறது."

"பல் இல்லையே."

"ஓவியத்தில் முளைக்கட்டும்."

அமைச்சர் மாடக்கண்ணுவை அணைத்துக்கொள்ளும் படம் எல்லா மண்டபங்களுக்கும் அனுப்பப்பட்டது. அதனுடன் ஓர் ஆணையும் வந்தது. அன்பினாலேயே மண்டபங்களில் அமைதி நிலைநாட்டப்பட்டுவிட்டதால் இனி காவலர்கள் தேவையில்லை. அவர்களுடைய பட்டுக் கயிறுகளைப் படத்தைத் தொங்கவிடப் பயன்படுத்தலாம். பூவுலிங்கத்துக்கு வேலை மட்டும்தான் போனது. ஊரை விட்டுவைத்தது அரசரின் கருணை.

படத்திறப்பு அன்று அவன் பழக்க தோஷத்தால் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கேட்கும் காது அவன் பக்கம் இருக்கும்படி அமர்ந்தார்.

"உள்ள யாரு ஊத்துதா?"

"அவியளே ஊத்திக்கிடுதாவ. நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். படத்துல இருக்கவனுக்குப் பல்லு, காது எல்லாம் இருக்கு. அவனே பாக்கட்டும்."

"அமைச்சரு?"

"உள்ளதான் இருக்காரு. தொறந்து வைக்காரு. மாசானமும் வந்திருக்காரு, கடப்பாரையோட. சுண்டல்ல உப்பு கூடிப்போச்சாம்."

உள்ளே கைதட்டல் எழுந்தது, பாதியில் நின்றது. ஏதோ பெரிதாக உடைந்தது. பிறகு கோட்டைச்சாமியின் குரல்.

"புடிங்கலே. எவனாவது அவரப் புடிங்கலே."

அதைத் தொடர்ந்து தலைமை எழுத்தரின் குரல், நிதானமாக: "சட்டத்தில் இடமில்லை, மாண்புமிகு அமைச்சர் அவர்களே."

பூவுலிங்கத்தின் இடது கை தானாக எழுந்தது. அதை வலது கையால் பிடித்து, மடியில் வைத்து, அழுத்திக்கொண்டான்.