முழங்கால் உயரப் பூங்கா

அவசர காலத்தில் மலாயாவில் எத்தனையோ பேர் எத்தனையோ காரியங்களுக்கு அனுமதி கேட்டுக் கைகட்டி நின்றிருப்பார்கள். அரிசி மூட்டையைக் கொண்டு வர, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போக, பிரசவத்துக்கு ஆளைக் கூட்டி வர. ஊஞ்சல் ஆடுவதற்கு அனுமதி கேட்டவர், எனக்குத் தெரிந்து, எங்கள் தோட்டத்துப் புரோகிராம் மண்டோர் ஒருவர்தான். மண்டோர் என்றால் கங்காணி. அனுமதி கிடைத்தது. ஊஞ்சல் முழங்காலுக்கு மேலே போகக் கூடாது என்று நிபந்தனை. மனிதர் அசரவில்லை. இரண்டு குட்டைக் கட்டைகளை நட்டு நடுவில் கயிற்றைக் கட்டினார். அதில் உட்கார்ந்தவர்கள் ஆடவில்லை, தரையைப் பெருக்கினார்கள்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். தேதி, மழை, வந்தவர், போனவர் எல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கிற சுபாவம். ஆகவே இதில் எங்காவது மிகையாகத் தெரிந்தால், அந்த மிகை அவருடையது, என்னுடையது அல்ல.

லிங்கிப் பக்கம் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் சின்னக் கிராணி. பெரிய கிராணிக்கு அடுத்த எழுத்தர். காட்டிலிருந்து வருகிற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர். மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படும். மூன்று லயத்து ஆட்கள் ஒரு லயத்து இடத்தில். குழாயடியில் ஒரு நாளும் சண்டை ஓயவில்லை.

இதைப் பார்த்துத்தான் எங்கள் துரை ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில், தம்முடைய தமிழில் கேட்டார்: "ரெக்ரியேஷன் யாருக்குத் தெரியும்? கையைத் தூக்கு!"

புல்வெட்டு மண்டோர் கையைத் தூக்கினார். அப்போது அவருக்கு இந்தப் பட்டப்பெயர் கிடையாது. லாலாங் புல்லை அழிப்பது ஒன்றே அவர் உத்தியோகம்.

"நீ பாக்குறியா?"

"நான் பாத்துக்கிறேன் தொரை. ஒரு வாரத்துல ஒண்ணு இல்லாம ஒழிச்சிடுறேன்."

துரை திருப்தியோடு போய்விட்டார். மண்டோர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சின்ன கிராணியாரே, அந்த ரெக்ரியேஷன் எப்ப வருது? டின்னுல வருதா, டிரம்முல வருதா?"

புதிதாக வரப்போகிற புல் மருந்து என்று நினைத்துவிட்டார். அது மருந்தல்ல, ஜனங்களுக்கு விளையாட்டு, கலை நிகழ்ச்சி, பொழுதுபோக்கு எல்லாம் ஏற்பாடு செய்கிற பொறுப்பு என்று விளக்கினேன். இங்கிலீஷில் இதை எல்லாம் புரோகிராம் என்பார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"சரிலா. புல்ல அழிக்கிறவன்தானே நான், இதையும் ஒரு கை பாத்துடுவோம்."

அன்று மாலையே பெரட்டு இரும்பை எடுத்து அடித்தார். அந்த ஓசை கேட்டால் தோட்டத்து ஆளுக்குக் கால் தானாக நடக்கும். எல்லோரும் பால் வாளியும் வெட்டுக் கத்தியுமாக ஓடி வந்து வரிசையில் நின்றார்கள்.

"வாளிய கீழ வைங்க. இன்னைக்கு புரோகிராம் என்னன்னா, சடுகுடு!"

வரிசையில் இருந்து அஞ்சலை குரல் கொடுத்தாள். பால்வெட்டில் அவளைவிட வேகமான கை கிடையாது. வாயும் அப்படியே.

"வெளையாடலைன்னா என்னா செய்வீங்க மண்டோரே?"

பழக்க தோஷம். "அரைப் பேருதான் போடுவேன்!" என்று சொல்லிவிட்டார். அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. மலாயாவிலேயே கூலி வெட்டுக்குப் பயந்து சடுகுடு ஆடியவர்கள் எங்கள் ஆட்கள்தான். அஞ்சலையின் கணவன் முனியாண்டி, புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கிறவன், பயத்தில் இரண்டு கட்சிக்கும் ஆடினான்.

எப்படியோ குழாயடிச் சண்டை குறைந்தது. மனிதருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. அந்தச் சமயம் பல் பிடுங்கிக்கொள்ள சிரம்பானுக்குப் போனவர், வீங்கிய கன்னத்தோடு ஏரிக்கரையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வரும்போது சட்டைப்பை நிறைய அந்த மரத்தின் காய்.

மறுநாள் பெரட்டில் அறிவித்தார்: "இன்னைலேருந்து புரோகிராம் என்னன்னா, நாம ஒரு தோட்டம் போடப் போறோம்."

"தோட்டத்துலதானேய்யா இருக்கோம்?" என்றான் முனியாண்டி.

"காலையில தோட்டத்துல வெட்டு, சாயங்காலம் தோட்டத்துல கொத்தா? நாங்க என்னா மாடா?" என்றாள் அஞ்சலை.

மண்டோர் மறுபடி என் மேசைக்கு வந்தார். "கிராணியாரே, வேலை செய்யாத தோட்டத்துக்குத் தமிழ்ல என்னா பேரு?"

"பூங்கா."

"பூங்கா," என்று வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். "அதான் வேணும்."

வேலிக்குள் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று: முள்கம்பியை ஒட்டிய நீளமான பட்டை நிலம். காவலருக்கு வேலி முழுவதும் தெரிய வேண்டும் என்பதால் அங்கே முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது என்பது போலீஸ் கட்டளை. மண்டோர் அங்கே கொத்த ஆரம்பித்ததும் வாசல் காவலர் வந்துவிட்டார்.

"இனி ஆப்பா?" இது என்ன என்று மலாயில் கேட்டார்.

மண்டோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, புதிதாகக் கற்ற சொல்லோடு மலாயில் ஐயா என்பதையும் சேர்த்துச் சொன்னார்: "பூங்கா, துவான்."

மலாயில் பூவுக்கு 'பூஙா' என்று பெயர். காவலர் முகம் மலர்ந்தது. "ஓ, பூஙா! போலே, போலே." பூ தாராளமாக வைக்கலாம் என்று போய்விட்டார். ஒரே சொல்லால் இரண்டு பாஷையில் அனுமதி வாங்கிய மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

காசித்தும்பை, பட்டுரோஜா எல்லாம் வைத்தார். நடுவில், அந்தக் காயின் விதையில் முளைத்த தூங்குமூஞ்சிக் கன்றையும் வைத்தார். அது வளர்ந்தால் ஒரு லயத்துக்கே நிழல் தரும் மரம்.

"மண்டோரே, முழங்காலுக்கு மேல வளரக் கூடாதே?"

"வளராது. வெட்டி வெட்டி உக்கார வெச்சுடுவேன்."

"உட்கார வைக்கிறதுக்கு மரம் எதுக்கு? பூச்செடி போதாதா?"

அவர் வேலியைக் காட்டினார். "இது என்னா? இரும்பு. எத்தனை நாளைக்கு? துருப்புடிக்கும். மரம் துருப்புடிக்குமா? வேலி போற அன்னைக்கு மரம் வைக்கலாம்னு இருந்தா, அன்னைக்கு நெழலுக்கு எங்க போறது?"

அன்றைய நாட்குறிப்பில் 'ஒரு மரம்' என்று மட்டும் எழுதினேன்.

ஒரு நாள் பூங்காவில் யாரோ நின்றுகொண்டு காவலரின் பார்வையை மறைக்க, அவர் "டுடோக்!" என்று கத்தினார். உட்கார் என்று பொருள். செடிக்குப் போட்ட சட்டம் மனிதருக்கும்தான் போலிருக்கிறது என்று மண்டோர் முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் பூங்காவுக்குள் யாரும் நிற்கக் கூடாது. வருகிறவர்கள் குனிந்து வந்து, உட்கார்ந்து, குனிந்தே போக வேண்டும். பெஞ்சுகளின் காலை அறுத்துக் குட்டையாக்கினார். உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். வேடிக்கை என்னவென்றால், கூட்டம் வந்தது. மாலையில் ஜனங்கள் அங்கே தவளை மாதிரி உட்கார்ந்து பேசிச் சிரித்தார்கள். கதவு பூட்டும் நேரத்தில் தூங்குமூஞ்சியின் இலைகள் மூடிக்கொள்ளும். "பாத்தீங்களா, மரமே ஊரடங்கு. எந்திரிக்காம வீட்டுக்குப் போங்க!" என்பார்.

இந்த நிலையில்தான் துரையிடமிருந்து தகவல் வந்தது. சிரம்பானிலிருந்து பெரிய போலீஸ் அதிகாரி வேலியைப் பார்வையிட வருகிறார். பட்டை நிலத்தில் கட்டளைக்கு மாறாக எது இருந்தாலும் பூங்கா முழுவதையும் அழித்துவிட உத்தரவாகும்.

"மரத்தை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் போன பிறகு நட்டால் என்ன?" என்றேன். எனக்கு ஒழுங்குதான் முக்கியம்.

வீக்கம் வடிந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கிராணியாரே, என் பல்ல பிடுங்குனாங்க. திரும்ப நட்டா மொளைக்குமா?"

பிடுங்க மறுத்தது மட்டுமல்ல, பெரிய மனிதர் வரும்போது புரோகிராம் இல்லாமல் எப்படி என்று நாடகத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். கதை, வசனம் எல்லாம் அவரே. ஏதோ ஒரு ராஜா இழந்த நாட்டை மீட்கிறான். ராஜாவாக முனியாண்டி. மேடை பூங்கா. ஆகவே நாடகம் முழுவதும் உட்கார்ந்தபடி.

அதிகாரி துரையோடு வந்த நேரம் போர் உச்சத்தில் இருந்தது. இரண்டு சேனைகளும் குந்தியபடி நகர்ந்து நகர்ந்து வாள் வீசின. செத்த வீரனுக்கு விழுவதற்கு அதிக தூரம் இல்லாததால் அப்படியே சாய்ந்தான். அதிகாரி நல்ல உயரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூங்காவின் நடுவில் வந்து நின்றார். மண்டோர் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதை உணர்ந்தாரே தவிர யார் என்று பார்க்கவில்லை.

"டுடோக்!" என்று ஒரு சத்தம் போட்டார்.

எங்கள் துரையின் முகம் செங்கல்லாயிற்று. வாசல் காவலர் வானத்தைப் பார்த்தார். அதிகாரி, உட்கார்ந்திருந்த இரண்டு சேனைகளையும் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் காதையும் தாண்டிவிட்டது.

உட்கார்ந்த இடத்தில்தான் மரம் கண்ணில் பட்டது. தடித்த அடி, கூட்டமாக இலை. "இனி ஆப்பா?"

மண்டோர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "பூங்கா, துவான்," என்றார் ஈனக் குரலில்.

"பூஙா? மானா பூஙா?" பூ எங்கே என்று கேட்டார் அதிகாரி.

அந்த மரத்தில் ஒரு பூ கிடையாது. இரண்டு சேனைகளும் வாளை இறக்கிவிட்டன. மண்டோர் என்னைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

அஞ்சலைதான் கத்தினாள். "யோவ் ராசா! மரம் மாதிரி குந்திக்கிட்டு இருக்கியே, கழுத்துல உள்ளத கழட்டிப் போடுய்யா!"

ராஜா போர்க்களத்திலிருந்து குந்தியபடியே நகர்ந்து வந்தான். கழுத்துப் பூமாலையைக் கழற்றி மரத்துக்குப் போட்டுவிட்டு, அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டான். "இனி பூஙா, துவான்!" இதோ பூ என்றான்.

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், மீசை கேட்கவில்லை. பிறகு எழுந்து நின்று துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். துரை மொழிபெயர்த்தார்: "அவனுக்குத் தெரியும் இது மரம். முட்டி வரைக்கும் சரி. மேலே போனா, எல்லாம் காலி."

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்து எழுந்து போயிருப்பார்கள். மண்டோர் கேட்டார்: "எந்த முட்டி தொரை? என் முட்டியா, அவரு முட்டியா?"

இதையும் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. அதிகாரி தம் நீண்ட காலை மரத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். மரம் இன்னும் ஒரு சாண் வளர இடம் இருந்தது.

அதிகாரி போனதும் மண்டோரின் கண் கூட்டத்தைத் துழாவி என் மேல் வந்து நின்றது. துரதிருஷ்டவசமாகத் தோட்டத்தில் அந்த அதிகாரியின் உயரம் உள்ளவன் நான் ஒருவன்தான்.

அன்றிலிருந்து வேலி இருந்த காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டு வாசலில் குரல் கேட்கும். "கிராணியாரே, முட்டி வேணும்!" நான் போய் மரத்தருகே விறைப்பாக நிற்பேன். அவர் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடி அளந்து, தாண்டிய கிளையை மட்டும் கத்தரிப்பார். ஒரு நாள் என் காலணியை உற்றுப் பார்த்தார்.

"அடுத்த வாரம் பூட்ஸ் போட்டுட்டு வாங்க. அடி தடிமனா இருக்கும்லா. பாவம், அதுக்கு ஒரு விரக்கடை கெடைக்கும்."

"ஒங்க தலைக்கு இல்லாத மரியாதை முட்டிக்குக் கெடைச்சிருக்கு கிராணியாரே," என்பாள் அஞ்சலை. நான் பூட்ஸ் வாங்கினேன்.

பிறகு ஒரு நாள் எங்கள் பகுதியில் இனி ஆபத்தில்லை என்று அறிவிப்பு வந்தது. காலையில் ஆட்கள் வந்து முள்கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் சொன்ன மாதிரியே நன்றாகத் துருப்பிடித்திருந்தது.

மாலையில் பெரட்டு இரும்பு அடித்தது. எல்லோரும் பூங்காவுக்கு வந்தோம். பழக்கத்தால் குனிந்து வந்து குட்டைப் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு என்னா புரோகிராம் மண்டோரே?" என்றாள் அஞ்சலை.

அவர் கையில் கத்தரி இல்லை.

"எல்லாரும் எந்திரிங்க."

எழுந்தோம்.

"பெறகு?" என்றான் முனியாண்டி.

"பெறகென்னா பெறகு? நிக்கிறதுதான் புரோகிராம். நில்லுங்க."

நின்றோம். வேலி இருந்த இடத்துக்கு அப்பால் ரப்பர் மரங்கள் வரை தெரிந்தது. ஆறு மணிக்குத் தூங்குமூஞ்சி வழக்கம்போல இலைகளை மூடிக்கொண்டது. அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மண்டோர் இப்போது இல்லை. மரம் இருக்கிறது. அவர் கேட்டது போலவே ஒரு லயத்துக்கு நிழல் தருகிறது. அடிமரத்தில், வெட்டி வெட்டி உட்கார வைத்த இடத்தில், பெரிய புடைப்பு ஒன்று. என் முழங்காலுக்குச் சரியாக இருக்கும். சிரம்பானிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி, பக்கத்தில் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றுவிட்டு வருகிறேன்.

பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.