பொண்ணு பாக்க வந்த நாளும் பங்களா பேரிக்காயும்

ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி செல்வியைப் பொண்ணு பாக்க வட்டகொடையிலேருந்து வர்றாங்க. பழம் வாங்குறது என் பொறுப்பு. அவ்வளவுதான் வேலை.

கடையில வாங்கியிருக்கலாம். நமக்குத்தான் பெருமை வேணுமே! அப்ப எங்க தேயிலைத் தோட்டத்துல வெள்ளைக்கார துரை. பங்களாவுக்குப் பின்னால பேரிக்கா மரம். அங்க சமையல் பண்ணுன முத்தையா அண்ணன்கிட்டப் போயி நின்னேன். துரைசாணியக் கேட்டு ஒரு டசன் காய் குடுத்தாரு.

"இது மரத்துல பழுக்காதுடா. ஒவ்வொண்ணா கடுதாசியில சுத்தி அரிசிக்குள்ள வை. ஒரு வாரம் போகட்டும். காம்புகிட்ட லேசா அமுக்கிப் பாரு, இளகுச்சுன்னா பழம்."

அன்னைக்குக் கெழமை வியாழன். ஒரு வாரத்துக்கு நான் எங்க போறது?

அரிசிப் பெட்டிக்குள்ள பொதைச்சேன். அரை மணி நேரத்துல ஒரு அமுக்கு. கல்லு! காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்கப் போகுமுன்னே ஒரு அமுக்கு. வேலை முடிஞ்சு வந்து ஒரு அமுக்கு.

சோறாக்க அரிசி எடுக்குறப்பெல்லாம் அம்மா ஒரு அமுக்கு. சங்கதி லயத்து வீடு பூரா பரவிருச்சு. பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா வந்து, "துரை திங்கிற பழமாமே, தொட்டுப் பாத்துக்கிறவா?"ன்னு கேட்டுச்சு.

எங்க தொட்டுச்சு? அமுக்குச்சு!

சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தா எல்லாமே மெதுமெதுன்னு இருக்கு. "பழுத்துருச்சும்மா!"ன்னு கத்துனேன்.

செல்வி ஒண்ண எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அண்ணே, இது பழுத்த மாதிரி இல்ல. அடி வாங்குன மாதிரி இருக்கு."

"பொண்ணு நீ, நாளைக்கு எப்பிடி நிக்கிறதுன்னு மட்டும் பாரு"ன்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை, அவரோட அப்பா, அம்மா எல்லாரும் வந்து ஒக்காந்தாங்க. பழத்தட்டை வச்சு வெட்டப் பாத்தேன். மேல கொழகொழ. உள்ள கத்தி எறங்க மாட்டேங்குது!

"இத அப்பிடியே கடிச்சுத்தான் திங்கணும் மாமா. துரைமாருங்க அப்பிடித்தான்"னு அளந்து விட்டேன்.

மாப்பிள்ளையோட அப்பா நம்பிட்டாரு, பாவம். கடிச்சாரு.

கடக்!

வாயைப் பொத்துனாரு. கையை எடுத்தா, உள்ளங்கையில முன்பல்லு ஒண்ணு! வெள்ளை வேட்டியில ரத்தம்.

அம்மா தலையில கைய வச்சுட்டாங்க. எங்கப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே! தங்கச்சி கல்யாணத்தக் கெடுத்த பாவின்னு எனக்கே என் மேல வெறுப்பாப் போச்சு.

செல்விதான் பொண்ணுங்கறதை மறந்துட்டு, செம்புல உப்புத் தண்ணியோட ஓடியாந்தா. "கொப்புளிங்க மாமா. மொகத்த மேல தூக்காதீங்க."

அவரு கொப்புளிச்சாரு. நாக்கால ஓட்டையத் தடவிப் பாத்தாரு. அப்பறம் மெதுவாச் சிரிச்சாரு.

"ஒரு மாசமா ஆடி ஆடி உசுர எடுத்த பல்லு. புடுங்கப் பயந்துகிட்டுக் கெடந்தேன்"னாரு. எங்கப்பா பக்கம் திரும்பி, "சீரு கொஞ்சம் கறாராப் பேசணும்னுதான் வந்தேன். வாயத் தொறக்குமுன்னே பல்லைப் புடுங்கிட்டீங்களேய்யா! பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு."

அடுத்த மாசம் கல்யாணம். வெத்தல பாக்கு வாங்கக்கூட என்னை அனுப்பல.