இப்போதா, பிறகா?

அலுவலகக் கணினிக்கு இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஒரு திங்கட்கிழமை காலை முறைப்படி வந்து சேர்ந்தது. வந்த கையோடு கேள்வி கேட்டது: ‘மறுதொடக்கம் செய்யவா? இப்போது / பிறகு.’ மறுதொடக்கம் ஆகும்வரை அச்சு இயந்திரம் ஒரு தாள்கூடத் துப்பாதாம்.

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்த ஊருக்கான அவருடைய இடமாறுதல் உத்தரவு அந்தக் கணினிக்குள் கிடந்தது. ஊரில் மனைவிக்கு நிறைமாதம். விடுப்பில் போகலாமென்றால், விடுப்புப் படிவமும் அதே இயந்திரத்தில்தான் வரவேண்டும்.

“இப்போதுன்னு அழுத்திடவா சார்?”

மேலாளர் பதறினார். “கையை எடுய்யா! அதை அழுத்த யாருக்கு அதிகாரம்னு எந்த விதியில இருக்கு?”

“அப்ப பிறகுன்னு அழுத்த?”

“அதுக்கு எதுக்கு அதிகாரம்? காலங்காலமா நாம செய்றதுதானே.”

பிறகு என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கும். பதில் வராவிட்டால் தானே தொடங்கிவிடுவேன் என்று மிரட்டல் வேறு. ஆகவே ‘மேற்படி பொத்தானை உரிய இடைவெளியில் அழுத்தும் பொறுப்பு’ குமாஸ்தாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சாப்பாட்டு நேரத்துக்கும் இரவுக்கும் விடுமுறைக்கும் காவலாளி மாற்றாள். தலைமையகத்திடம் மின்னஞ்சலில் விளக்கம் கேட்டார்கள். கேள்வியை அச்சிட்டுத் தபாலில் அனுப்பும்படி பதில் வந்தது.

மூன்றாவது வாரம் குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. மேலாளர் டீ குடிக்கப் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘இப்போது’ என்று அழுத்திவிட்டார். ஐந்தே நிமிடம். புதிய பதிப்பு பளிச்சென்று எழுந்தது, உத்தரவு கடகடவென்று வெளியே வந்தது, பின்னாலேயே பொதுமக்களின் சான்றிதழ்களும் வரத் தொடங்கின.

ஓடிவந்த மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முணுமுணுத்தபடி பேனாவைத் திறந்தார். அப்போது திரையில் எழுத்து ஓடியது: ‘இதைவிடப் புதிய பதிப்பு தயார். மறுதொடக்கம் செய்யவா?’

மேலாளர் பேனாவை மூடினார். “நீ போயிட்டா இதை யாருய்யா அழுத்துறது? இன்னிக்கு ஒண்ணைத் தவிர மூணு வாரத்துல ஒரு தடவை தவறவிட்டிருப்பியா? உன்னை மாதிரி அனுபவசாலிய விடமுடியாது.”

சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. “பிறகுன்னு அழுத்துங்க சார்! முதல்ல எங்க தாள் வரட்டும்!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். குமாஸ்தாவின் விரல் தானாகப் போய் அழுத்தியது. அச்சு இயந்திரம் மறுபடி நின்றது.

சட்டைப்பையில் கைப்பேசி சிணுங்கியது. மனைவிதான் எழுதியிருந்தாள். “பொண்ணு பொறந்திருக்கா. உங்க மூக்கு. எப்ப வர்றீங்க?”

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவோ எழுத நினைத்தார். மூன்று வாரம் பழகிய விரல் ‘பிறகு’ என்று எழுதி அனுப்பிவிட்டது.