கடல் கடந்து வந்த கிணற்றுத் தவளை

ஒரு காட்டில் கொசு இருந்தது. சிங்கமும் இருந்தது. ஆனால் யார் கடித்தால் யார் துள்ளுகிறார்கள் என்று பார்த்தால், கொசுதான் அங்கே ராஜா.

முன்பு அந்தக் காட்டில் தவளைகள் ஏராளம். கொசு பிடிப்பது அவற்றின் வேலை. கூலி என்று ஒன்றும் கிடையாது. “பிடிக்கிற கொசுவை நீங்களேதானே தின்கிறீர்கள், அது போதாதா?” என்பது சிங்கத்தின் கட்சி. ஒரு கோடையில் தவளைகள் எல்லாம் கிழக்கே வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டன. அங்கே வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறதாம். “இந்தக் காலத்துத் தவளைகளுக்கு உழைக்க மனசில்லை” என்று சிங்கம் வாலால் முதுகை அடித்துக்கொண்டே வருத்தப்பட்டது.

நரிதான் மந்திரி. வெளியூர் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் வேலையையும் அதுவே பார்த்தது.

“ராஜா, கடல் கடந்து ஒரு தவளையக் கொண்டுவருவோம். ஆள் பஞ்சம் உள்ள காடுகளுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. நாம ஸ்பான்சர் பண்ணணும், அவ்வளவுதான்.”

“கிழக்கே போனதுகளையே நல்ல தண்ணி காட்டிக் கூப்பிட்டா என்ன?”

“கூப்பிடலாம். ஆனா உள்ளூர்க்காரன் ஒரு மழை பெய்ஞ்சா போயிடுவான். கடல் கடந்து வந்தவன் எங்க போவான்? உங்க கையெழுத்து இருந்தாத்தான் அவன் இங்க நிக்கவே முடியும். எதிர்த்துப் பேசினா திருப்பி அனுப்பிடலாம்.”

சிங்கத்துக்குத் திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல். முதலில் உள்ளூரில் விளம்பரம் செய்து, யாரும் வரவில்லை என்று காட்ட வேண்டும். நரி ஓர் ஆலிலையில் எழுதியது: ‘கொசு பிடிக்க ஆள் தேவை. குடியிருக்கக் குளம் தரப்படும்.’ பிறகு யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, காட்டோரத்துப் பாழுங்கிணற்றுக்குள் அதைத் தொங்கவிட்டது. விளம்பரம் செய் என்றுதான் சட்டம் சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. சட்டத்தை மதிக்கிறவர்கள் இப்படித்தான் வரிக்கு வரி படிப்பார்கள்.

அந்தக் கிணற்றில் மரகதம் என்ற தவளை இருந்தது. கிழக்கே போன கூட்டத்தோடு அது போகவில்லை. அப்போதுதான் முட்டையிட்டிருந்தது. இப்போது கிணற்றில் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் கால் முளைக்கவில்லை. தண்ணீரோ நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. கால் முதலில் முளைக்குமா, கிணறு முதலில் வற்றுமா? மரகதத்துக்கு வேறு யோசனையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிருந்து இலை இறங்கியது. மரகதம் படித்தது. ‘குளம்’ என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தது. பிறகு கல்லுக்குக் கல் தாவி மேலே ஏறி, நேராக நரியிடம் போய் நின்றது.

“நரியண்ணே, அந்த வேலை எனக்கு வேணும்.”

“எந்த வேலை?”

“கெணத்துல கட்டியிருந்தீங்களே.”

நரியின் முகம் தொங்கிவிட்டது. “அத ஏம்மா நீ படிச்சே?”

“விளம்பரம்னா படிக்கத்தானே அண்ணே?”

“அது படிக்கிறதுக்குப் போட்டது இல்ல தாயி. போட்டோம்னு காட்டுறதுக்குப் போட்டது. இந்த வேலை கடல் கடந்து வர்றவங்களுக்கு. நீ உள்ளூர்.”

“நானும் கடல்லேருந்துதான் வர்றேன்.”

“எந்தக் கடல்?”

“எங்க வீடுதான். நாலு பக்கமும் தண்ணி. கடல்னா அதுக்கு மேல வேற என்ன இருக்கும்?”

மரகதம் பொய் சொல்லவில்லை. கிணற்றுத் தவளைகள் காலங்காலமாக அப்படித்தான் நம்பி வருகின்றன. அதற்காக ஏச்சும் வாங்கி வருகின்றன.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. பாதியில் சிரிப்பை நிறுத்தியது. நிஜக் கடல் தவளைக்கு அது ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தது. ஏற்றிவரக் கொக்கு போயிருந்தது. ஆனால் கொக்கு தவளைகளை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்ததாக வரலாறு கிடையாது. கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று நரி முடிவு செய்தது.

“சரி தங்கச்சி, கடல்னே வச்சுக்குவோம். ஆனா ஒண்ணு. நீ உள்ளூர்க்காரின்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் வேலை போயிடும். குளமும் போயிடும்.”

“பிள்ளைங்களையும் கொண்டுவரலாமா அண்ணே?”

“குடும்பம்னு எழுதிக்கலாம்.”

நேர்காணல் நாள் வந்தது. அதிகாரி ஆந்தை. அலுவலகம் பகலில்தான் நடக்கும். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. அந்தப் பதவிக்கு அதைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். கொக்கும் வந்து சேர்ந்திருந்தது. நிறையப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியதாகக் கேள்வி. இறங்கியது ஒரே ஒரு தவளை. கொக்கு ஏப்பம் விட்டது.

ஆந்தை கண்ணை மூடிக்கொண்டே கடல் தவளையிடம் கேட்டது: “உங்க கடல் எவ்வளவு பெருசு?”

“அத அளக்க முடியாதுங்க ஐயா. அந்தப் பக்கத்துக் கரைய யாருமே பார்த்ததில்ல.”

“அப்போ இந்தக் கட்டத்துல என்ன எழுதுறது?”

“அளவே இல்லைன்னு எழுதுங்க.”

“அளவு எழுதாட்டி நம்பிக்கை வராதே” என்றது ஆந்தை. “அடுத்த ஆள்.”

மரகதம் அலுவலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே தாவாகத் தாவிக் காட்டியது. “எங்க கடல் இவ்வளவுங்க ஐயா. ஒரு சாண் கூடுதலாவே இருக்கும்.”

“ஆழம்?”

“இப்போ என் வயித்தளவு. மழை பெய்ஞ்சா நல்லா ஏறும்.”

“கரை எப்படி?”

“சுத்திலும் செங்கல் வச்சுப் பூசியிருக்கு.”

‘வளர்ந்த நாடு’ என்று ஆந்தை குறித்துக்கொண்டு முத்திரை குத்தியது. கடல் தவளையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவதாகக் கொக்கு பணிவோடு சொன்னது. அதற்கு எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அன்றைக்கே குரங்கு ஒன்று தலைப்பிரட்டைகளைக் கொட்டாங்கச்சியில் அள்ளிவந்து சிங்கத்தின் குளத்தில் விட்டது. கிணற்றிலிருந்து குளம் கூப்பிடு தூரம். சில நாளில் பிள்ளைகளுக்குப் பின்னங்கால் எட்டிப் பார்த்தது. மரகதம் சந்தோஷத்தில் அழுதுகொண்டே கொசு பிடித்தது. சிங்கம் கொசுக்கடி இல்லாமல் தூங்கி எழுந்து, “வெளிநாட்டு ஆள் வேலையே தனிதான்யா. நம்ம ஊர்த் தவளைகளும் இருந்துச்சே!” என்றது.

முதல் தூறலுக்கே கிழக்கே போன தவளைகள் சில ஊர் பார்க்க வந்தன. அதில் மரகதத்தின் தங்கை பவளமும் இருந்தது. குளக்கரையில் நின்று, “அக்கா! மரகதக்கா!” என்று கத்தியது.

நரி திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளுக்கு இன்னும் முன்னங்கால் முளைக்கவில்லை. கிணறு இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

“நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசுறீங்கம்மா” என்றது மரகதம். “நான் இந்த ஊர் இல்ல.”

பவளம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் மழை வெளுத்து வாங்கியது. கிணறு விளிம்பு வரை நிரம்பியது. பிள்ளைகளுக்கு நாலு காலும் வந்துவிட்டன. மரகதம் நரியிடம் போயிற்று.

“அண்ணே, வீட்டுக்குப் போகணும்.”

“கடல் கடந்து போறதுன்னா ராஜா கையெழுத்து வேணும் தங்கச்சி. கொசு ஒழிஞ்சதும் போடுறேன்னு சொல்லியிருக்கார். இப்போ போய் உள்ளூர்னு சொன்னே, உங்களத் திருப்பிக் கொண்டுபோய் விடக் கொக்குதான் வரும்.”

மழைக்குக் கொசு இரட்டிப்பாகியிருந்தது.

இப்போதும் மாலை நேரங்களில் மரகதம் பிள்ளைகளைக் குளக்கரை மேட்டில் ஏற்றி, தூரத்தில் மினுங்கும் தண்ணீரைக் காட்டுகிறது. “அதுதான் நம்ம கடல். நாம அங்கேருந்துதான் வந்தோம்.”

“எம்மாம் பெருசு!” என்கின்றன பிள்ளைகள்.

நிரம்பிய கிணற்றில் பவளம் குடிவந்துவிட்டது. அதன் குரல் காற்றில் தெளிவாகக் கேட்கிறது.

“அம்மா, கடல்ல யாரோ பாடுறாங்களே, யாரும்மா அது?”

நரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

“யாரோ உள்ளூர்க்காரங்க” என்கிறது மரகதம்.

நீதி: கிணற்றைக் கடல் என்று சொல்லும் தவளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதிகாரி முன்னால் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். வேலை நிச்சயம். வீடுதான் கொஞ்சம் தூரமாகிவிடும்.