முள்ளடக்கியாரின் கோலும் மூடிய பெட்டியும்

அன்றைக்குப் படகுத்துறையில் மீன் ஏலத்துக்குக்கூட ஆள் இல்லை. அத்தனை பேரும் முள்ளடக்கியாரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

திசைகாட்டி முள்ளையே அடக்குகிறவர் என்பதால் அந்தப் பெயர். பழைய படகில் வழி காட்டுகிற புது மின்னணுத் திரையும் தண்ணீரின் ஆழம் காட்டுகிற புது ஆழமானியும் வைத்தால் படகின் ஆவி கோபித்துக்கொள்ளும், முள் திசை தவறும், படகு கவிழும் என்பது அவர் கண்ட தத்துவம். நோயைச் சொன்னவரே மருந்தும் சொன்னார்: புதுக் கருவிகளைக் கழற்றித் தம்மிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் நடுக்கடலில் போட்டுவிடுவார். போடுவதை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். கண் இருந்தும் பார்க்காதவர்களுக்குக் கண்ணைப் பற்றி எவ்வளவு அக்கறை, பாருங்கள்!

இதில் ஒரு படகுக்காரர் வசமாகச் சிக்கினார். கழிமுகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற பழைய மோட்டார் படகு அவருடையது. அதிலிருந்த பழைய ஆழமானி மகா நேர்மையானது. படகைக் கரையில் ஏற்றி வைத்தாலும் "எட்டடி ஆழம்" என்றே சாதிக்கும். அதை நம்பிப் போய்ப் படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. சோதனை அதிகாரி வந்து, "அடுத்த வாரத்துக்குள் ஒழுங்கான ஆழமானி இல்லையென்றால் ஒரு பயணியையும் ஏற்றக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுத் திரையும் ஆழமானியும் வந்தன. மாட்டுகிற கையோடு மனுஷன் பயணிகளுக்குப் பாட்டுப் போட ஒரு ஒலிபெருக்கியையும் திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே திருகி மாட்டிவிட்டார். முள் கோணிக்கொண்டது. முள்ளடக்கியார் வந்து கோலை நீட்டினார். முள் இன்னும் ஆடியது.

"கழட்டிக் குடுத்துடலாம்டி. முள்ளு ஆடுறத என் கண்ணால பாத்தேன்."

"கண்ணாலதான பாத்தீங்க? மூளையால பாக்கலையே!" என்றாள் மனைவி. அவள் பிறந்தது காய்கறி மண்டி நடத்துகிற வீடு. மூட்டையைப் பிரிக்காமல் விலை பேசாத பரம்பரை.

"ஆவிகூட விளையாடாத."

"அடுத்த வாரம் அதிகாரி வருவாரே, அவருக்கு ஆவியா வந்து ஆழம் காட்டும்? பொழப்பே இந்தப் படகுதான், ஞாபகம் இருக்கட்டும்."

"அவரு பெரியவரு, சொன்னா சரியா இருக்கும்."

"அப்படியா? சரி, நானே கழட்டிப் பெட்டியில போட்டு ஒட்டிக் கொண்டாறேன்."

மனைவி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் வேறு எந்தக் கணவனும் சந்தேகப்பட்டிருப்பான். இவர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் துறை முழுக்கக் கூட்டம். ஒட்டிய அட்டைப்பெட்டியைத் திசைகாட்டியின் அருகே வைத்தாள். முள்ளடக்கியார் பட்டுத்துணி சுற்றிய கோலை நீட்டினார். கோலின் தலையில் செப்புக் குமிழ். குமிழ் நெருங்க நெருங்க முள் பேயாய்ச் சுழன்றது.

"பாத்தீங்களா கோபத்த!"

"ஐயா, பெட்டி மூடியிருக்கே. உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியுதா?" என்று அவள் பவ்யமாகக் கேட்டாள்.

"தெரியாம என்னம்மா? திரை ஒரு பக்கம், ஆழமானி ஒரு பக்கம். ரெண்டும் சேந்து உறுமுது."

அவள் ஒட்டியதைக் கிழித்தாள். உள்ளே கணவனின் பழைய செருப்பு ஒரு ஜோடி.

யாரோ கேட்டார்: "என்னய்யா, செருப்பா உறுமுச்சு?"

"அது... அந்தத் திரை பக்கத்துல கெடந்த செருப்பு. தோஷம் ஒட்டிக்கிச்சு."

"இருக்கட்டும் ஐயா. செருப்பு இங்கயே இருக்கட்டும், நீங்களும் இருங்க. அந்தக் கோல மட்டும் கொஞ்சம் கரையில வைங்க."

"கோல் இல்லாம சக்தி எப்படிம்மா..."

அவர் முடிப்பதற்குள் துறையோரம் சோடாக் கடை வைத்திருந்தவர் கோலைப் பிடுங்கித் தன் கடை முன் தரையில் ஊன்றினார், குமிழ் கீழே இருக்கும்படி. படகில் முள் அமைதியாக நின்றது. கரையில் சோடாக்காரர் அலறினார்:

"யோவ்! எம் மூடிங்கெல்லாம் ஓடி வந்து ஒட்டுதுய்யா!"

குமிழைத் திருகினார்கள். உள்ளே கைப்பிடி அளவு காந்தம். படகு ஆவியின் கோபம் முழுக்க அதற்குள் அடங்கியிருந்தது.

"நடுக்கடல் எங்கய்யா இருக்கு?" என்று கூட்டம் சட்டையைப் பிடித்தது. பக்கத்துத் துறையில் இருந்தது. முள்ளடக்கியாரின் மச்சான் கடையில், கண்ணாடி அலமாரிக்குள், ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படாமல், மூழ்கடித்த திரைகள் அத்தனையும் விலைச்சீட்டோடு வரிசையாக நின்றன. அவரவர் பொருளை அவரவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

படகுக்காரர் மனைவி இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த திரையையும் ஆழமானியையும் எடுத்துக் கொடுத்தாள். கணவனே மாட்டினார். ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தமும் முள்ளை இழுக்கும் என்று அவள் சொன்னதும் அதைப் படகின் பின்பக்கத்துக்குத் தள்ளி வைத்தார். ஆவிக்குக் கை அவ்வளவு நீளம் இல்லை போலும். முள் நேராக நின்றது. அதிகாரி வந்து பார்த்து அனுமதி கொடுத்தார். படகு ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

முதல் நடையிலேயே ஒரு பயணி படகுக்காரரின் காதோரம் வந்து, "அண்ணே, இன்ஜின்ல புகுந்த ஆவிய ஓட்டுறவரு ஒருத்தர் அக்கரையில இருக்காராம். பாத்துட்டு வரலாமா?" என்றார்.

படகின் பழைய கருவியை மாற்ற அரைநாள் போதும். மண்டைக்குள் இருக்கிற பழைய கருவியைக் கழற்ற எந்த மெக்கானிக்கும் வரமாட்டான், ஐயா. திருப்புளி உங்கள் கையில்தான் இருக்கிறது.