வயல் வாடிய பதினொரு வீடுகள்

முள்ளியவளை,
15-07-2001, ஞாயிற்றுக்கிழமை,
பிற்பகல் 4.10 (பழைய நேரம்).

என் தமக்கையின் மூத்த புதல்வரும், ரொறன்ரோ நகரில் பிஸ்கற் கொம்பனி ஒன்றின் விளம்பரப் பகுதியில் கதிரை பெற்றவருமான மருமகன் ஜனார்த்தனனுக்கு, மாமா சிற்றம்பலம் எழுதிக்கொள்வது.

கடிதத்தை நலத்தில் தொடங்குவது முறை. ஆகவே, உமது மாமி நலம். பசு நலம். கிணற்றில் தண்ணீர் உண்டு. நான் நலமில்லை. அதற்குக் காரணம், 12-08-2000 எனத் திகதியிட்டு நீர் எழுதி, 04-12-2000 திங்கட்கிழமை முற்பகல் என் கையை வந்தடைந்த உமது கடிதம். வழியில் அது மூன்று மாதமும் இருபத்திரண்டு நாளும் தங்கியிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் தங்கியிருந்தாலும் நான் குறைப்பட்டிருக்க மாட்டேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவாளராகக் கடமையாற்றி, ஒரு திகதிகூடப் பிழையாகப் பதியாமல் 30-09-1989இல் இளைப்பாறியவன் நான் என்பதும், அதன்பின் கல்வெட்டுப் பாடுவதே என் தொழில் என்பதும் நீர் அறிந்தவை. கனடாக் குளிரில் மறந்திருக்கக்கூடும் என்பதால் நினைவூட்டுகிறேன்: இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்கு, சாப்பாடு முடிந்து கை கழுவியதும் கொடுக்கப்படும் சிறு புத்தகமே கல்வெட்டு. அதில் இறந்த ஆண்டு, மாதம், திதி ஆகியவற்றை ஒரு வெண்பாவில் அடைக்க வேண்டும். பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று, உயிரோடு இருந்தபோது அந்த மனிதருடன் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கும் சேர்த்து நான் புலம்ப வேண்டும். வாத்தியாருக்கு ஒரு நடை, கடற்றொழிலாளிக்கு வலை இழுப்போர் பாட்டின் நடை, முருக பக்தருக்குக் காவடிச் சிந்து என்று, தையற்காரர் ஆளை அளந்து துணியை வெட்டுவதுபோல அளந்து அளந்தே பாடி வந்தேன். ஊரும் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தது.

நீர் எழுதியது இது. சொல் மாறாமல் தருகிறேன்: "மாமா, ஆளுக்கொரு நடையில் எழுதினால் உங்களை யார் அறிவார்? எங்கள் பெட்டிக்குள் இருக்கும் பிஸ்கற் எதுவாக இருந்தாலும் பெட்டியின் மேல் இருக்கும் கிளிப் படம் மாறுவதில்லை. அந்தக் கிளிக்காகத்தான் சனம் வாங்குகிறது. உங்களுக்கும் ஒரு முத்திரை வேண்டும். பத்து யார் தூரத்திலிருந்து பார்த்தாலும் இது சிற்றம்பலத்தார் கை என்று தெரியவேண்டும். உங்கள் பெயருக்கு ஒரு றப்பர் முத்திரையும் செய்து அனுப்புகிறேன்." படித்தவர் சொல்கிறாரே என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். 06-12-2000 புதன்கிழமை என் கிளி பிறந்தது. எந்த வெண்பாவின் கடைசியிலும் பிசகாமல் உட்காரும் ஒரு வரி அது: வாடினதே வன்னி வயல்.

முதற் கல்வெட்டுக்கு அந்த வரி நன்றாகத்தான் இருந்தது, ஏனெனில் இறந்தவர் வயல் செய்த கமக்காரர். இரண்டாமவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஐம்பது ஆண்டு வலை இழுத்தவர். அவருடைய மகன் சிவராசா கல்வெட்டை வாசித்துவிட்டுச் சைக்கிளில் நேரே என் வீட்டுக்கு வந்து, "ஐயா, குறை நினைக்கக்கூடாது. எங்கட அப்பு வயலுக்கை கால் வைச்சதே இல்லை. அவர் செத்ததுக்கு வயல் ஏன் வாடுது? கடல் எண்டு ஏதும் போட்டிருக்கலாமே" என்றான். முத்திரை என்றால் என்னவென்று உமது கடிதத்தை வைத்து அவனுக்கு விளக்கினேன். கிளிக் கதையையும் சொன்னேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "அப்பு பிஸ்கற்றும் தின்னமாட்டார் ஐயா" என்று சொல்லிப் போய்விட்டான். மூன்றாமவர் ஏரம்பு. நாற்பது எருமை வைத்திருந்தவர். அந்த எருமைகள் எவருடைய வேலியையும் மதித்ததில்லை. அவருடைய அந்தியேட்டிப் பந்தியில் பக்கத்து வயற்காரர் கல்வெட்டின் கடைசி வரியை உரக்க வாசித்து, "ஏரம்பண்ணை கண் மூடின பிறகுதானே எங்கட வயல் ஒருக்கா நிமிர்ந்தது" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. அழவேண்டிய மருமக்கள் முதலில் சிரித்தார்கள். நான் பாயசத்தைத் தொடாமல் எழும்பி வந்தேன்.

ஆறாவதாக, மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பேச்சியம்மாவுக்குப் பாடினேன். அவருடைய மகள் சுப்பம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்னையே வாசிக்கச் சொன்னாள். நானும் ராகத்தோடு வாசித்து, கடைசி வரியை இருமுறை சொல்லி நிறுத்தினேன். அவள் கோபிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா எங்கம்மாவுக்கு ஒரு துண்டு வயலும் கெடையாதுங்களே. இருபது வருசமா அடுத்தவங்க வயல்லதான் நாத்து நட்டுச்சு. அது போனதுக்கு அவங்க வயல் ஏங்க வாடப் போவுது? மறுநாளே வேற ஆளக் கூட்டியாந்து நட்டாங்க" என்றாள். மருமகனே, உமது விளம்பரப் பகுதியில் இதற்கு ஒரு மறுமொழி இருந்தால் எழுதும்.  அன்று அவள் தந்த தேநீரைக் குடிப்பதற்கு எனக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, ஏனெனில் முத்திரை என்பது இடையில் விடாமல் குத்தப்பட வேண்டும் என்று நீர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர். இதற்கிடையில், யாழ்ப்பாணத்திலிருந்து தன் கால் மிதி அச்சு இயந்திரத்தோடு இடம்பெயர்ந்து வந்திருக்கும் ராஜரத்தினம், கடைசி வரி எப்படியும் மாறப்போவதில்லை என்று கண்டு, அந்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வைத்துவிட்டார். பிறகு புலம்பல்களும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதைக் கண்டு அவற்றையும் கட்டி வைத்தார். விளைவு, திருமணமே செய்யாமல் எழுபத்துநான்கு வயதில் இறந்த ஆசிரியை ஒருவரின் கல்வெட்டில், ஏரம்புவுக்குக் கட்டி வைத்த பக்கம் ஏறி, 'மனைவி புலம்பல்' அச்சாகி வந்தது. நான் துடித்துப் போய்க் கேட்டபோது, ராஜரத்தினம் மை பூசிய கையோடு, "எல்லாம் ஒரே மாதிரித்தானே ஐயா இருக்கு. நான் என்னத்தைக் கண்டன்" என்றார். மருமகனே, பத்து யார் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்றீர். பத்து அங்குலத்தில் வைத்துப் பார்த்தவருக்கே தெரியவில்லை.

20-05-2001 ஞாயிறன்று, பத்து வீடுகளோடு முத்திரையைக் கைவிட்டேன். கைவிட்ட ஏழாம் நாள் பதினோராம் வீட்டார் வந்தார்கள். அளந்து, நல்லதாக, புதிதாகப் பாடிக் கொடுத்தேன். மூத்த மகன் தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயலைக் காணேல்லையே" என்றான். அந்த வரி இப்போது இல்லை என்றேன். "ஊரெல்லாருக்கும் வாடினது எங்கட அம்மாவுக்கு மட்டும் வாடாதோ? நாங்கள் என்ன, குறைஞ்ச ஆக்களோ?" என்று கேட்டு, நேரே ராஜரத்தினத்திடம் போனான். அங்கேதான் வரி நூலால் கட்டித் தயாராக இருக்கிறதே. நான் வேண்டாம் என்று விட்ட முத்திரை நான் இல்லாமலே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பத்து வயல்கள் நான் வாட்டியவை. பதினோராவது தானாகவே வாடியது.

இந்த நிலையில்தான் 06-06-2001 புதன்கிழமை வீரகத்தி இறந்தான். அவனை உமக்குத் தெரியும். சின்ன வயதில் உம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனவன். ஞாயிறு தவறாமல் நாற்பது ஆண்டு நானும் அவனும் சீட்டு ஆடியிருக்கிறோம். அவன் கள்ள விளையாட்டு விளையாடாத நாட்கள் மூன்று, திகதிகள் என்னிடம் உண்டு. கடைசி மூச்சின்போது கட்டிலருகே நான்தான் இருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். காலை 7.25. இவ்வாண்டு எனக்குக் கிடைத்த பஞ்சாங்கத்தின்படி வைகாசிப் பூரணைத் திதி 7.39 வரை. பதினான்கு நிமிட இடைவெளியில் அவன் பூரணையைப் பிடித்துவிட்டான். கள்ள விளையாட்டுக்காரனுக்கு அது போதும்.

அவனுடைய கல்வெட்டை வேறு யாரும் பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவனுடைய மனைவி பத்மாசனியிடம் போய்க் கேட்டேன். அவா குசினி வாசலில் நின்றபடி, முகத்தைப் பாராமல், "அண்ணை, கோபிக்காதேங்கோ. நீங்கள் எழுத வேண்டாம். பதினொரு பேருக்கு வாடின வயல் எங்கட அவருக்கும் வாட வேண்டாம். நான் கோகுலன் மாஸ்ரரிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றா. கோகுலன் என்பவர், வரியை நடுவில் உடைத்து ஒவ்வொரு சொல்லாகக் கீழே இறக்கி எழுதும் இளம் கவிஞர். நான், "நல்லது தங்கச்சி" என்று சொல்லி வெளியே வந்து, சைக்கிளை மறந்து விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

ஆனாலும் எழுதினேன். முத்திரை இல்லை, பெயர் இல்லை, அளவெடுத்த நடைகூட இல்லை. எழுதி, ராஜரத்தினத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கோகுலனின் கவிதைகளுக்குப் பின்னால் கடைசிப் பக்கத்தில் யாருடையது என்று தெரியாதபடி போடச் சொன்னேன்.

விசுவாண்டு வைகாசி வெண்பூ ரணையில்
பசுவோடு பட்டியும் பார்த்திருக்க வீட்டைவிட்டு
வீரகத்தி போனான் விடியலிலே சீட்டாட
ஆளில்லை இன்று நமக்கு.

(7.25 விடியல் ஆகாது. யாப்புக்காக நான் என் வாழ்நாளில் செய்துகொண்ட ஒரே சமரசம் அது.)

06-07-2001 வெள்ளிக்கிழமை அந்தியேட்டி. கை கழுவியவர்கள் கல்வெட்டை வாங்கினார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். சிவராசா தோள் சால்வையால் கண்ணைத் துடைத்தான். யாரோ கோகுலனின் கையைப் பிடித்து, "தம்பி, இதுதானடா பாட்டு" என்றார். கோகுலன் நேர்மையாக, "இது என்ரை இல்லை ஐயா, ஆரெண்டு எனக்கும் தெரியாது" என்றார். நான் தூணோரம் கதிரையில் இருந்து, மருமகனே, பத்து யார் தூரத்தில் அது என் பாட்டென்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர், அது சந்தோசமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்திருப்பேன். அப்போதுதான் குருக்கள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, "ஆர் இதைப் பூரணை எண்டு எழுதினது? அவர் மோட்சமடைஞ்சது பூரணை முடிஞ்சு, பிரதமையிலை. அடுத்த வருசத் திவசத்துக்கு வீட்டுக்காரர் குழம்பப் போகினம்" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உமது மாமி என் வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தா. என்றாலும் என் கால்கள் என்னைக் கேளாமல் எழும்பிவிட்டன. "குருக்கள் ஐயா, மரணம் 7.25. பூரணை முடிவு 7.39. பதினான்கு நிமிடம் மிச்சம். மணிக்கூட்டை நான் பார்த்தனான். நீங்கள் பார்த்தனீங்களோ?" என்றேன்.  பந்தலின் ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு மறு மூலை வரை போனது. ராஜரத்தினம், "நான் சத்தியத்தை மீறேல்லை" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

பத்மாசனி பாயசக் குவளையோடு வந்து என் முன்னால் நின்றா. "எழும்பியிருக்கத் தேவையில்லை அண்ணை. வீரகத்தி போனான் எண்டு எழுத இந்த ஊரிலை வேற ஆருக்குத் துணிவு இருக்கு? அச்சுப் புறூவ் பார்க்க வந்தண்டே எனக்குத் தெரியும்" என்றா. பிறகு, "நல்லகாலம், வயலை விட்டிட்டியள்" என்றா. நான் பாயசத்தைக் குடித்தேன்.

ஆகவே மருமகனே, உமக்கு அறிவிப்பது யாதெனில், கிளியை நீர் பிஸ்கற் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும். இனி ஆளுக்கு ஆள் அளந்தே பாடுவேன். எந்த நடையில் பாடினாலும் என் கை தெரியத்தான் செய்யும், ஏனெனில் திகதியும் திதியும் நிமிடம் பிசகாமல் எழுதுகிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். சரியான நாளே என் முத்திரை. றப்பர் முத்திரை அனுப்ப வேண்டாம்.

உமது மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. குளிரில் நெஞ்சு மூடிப் போகவும். வற்றாப்பளை அம்மன் உம்மையும், உமது யோசனைகளிலிருந்து பிறரையும் காப்பாளாக.

இங்ஙனம்,
மாமா, க. சிற்றம்பலம்,
இளைப்பாறிய பதிவாளர்.

பி.கு. (அதே நாள், மாலை 6.05): கடிதத்தை ஒட்டுமுன் ராஜரத்தினம் வந்தார். பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்து, அட்டையின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை எனக்குக் காட்டினார். வழமையாக எனக்கு வருவது இந்தியாவில் அச்சாகும் பஞ்சாங்கம்; அந்த நேரமும் எங்கள் பழைய நேரமும் ஒன்று. அது இம்முறை வந்து சேராததால் கொழும்பில் அச்சானதை வாங்கியிருந்தேன். அதிலுள்ள நேரங்கள் யாவும் அரசாங்கத்தின் புதிய நேரத்தில் உள்ளன. என் மணிக்கூடு, அந்த மாற்றத்தை ஏற்காத இங்குள்ள எல்லா மணிக்கூடுகளையும் போல, அரை மணி பிந்திய பழைய நேரத்தில் ஓடுகிறது. எனவே 7.39 என்பது இங்கே 7.09. வீரகத்தி பூரணையைப் பதினாறு நிமிடத்தால் தவறவிட்டுவிட்டான். குருக்கள் சொன்னது சரி. இருநூறு பிரதிகள் ஊரெங்கும் போய்விட்டன. பிரதமை என்பது அந்த வரியில் எப்படியும் உட்கார மறுக்கிறது. பத்மாசனியிடம் போய் ஒப்புக்கொண்டேன். "குருக்கள் அண்டைக்கே கணக்கைக் காட்டினவர் அண்ணை. திவசத்தை நாங்கள் பிரதமையிலைதான் செய்வம். பாட்டு அப்பிடியே இருக்கட்டும். பிழையைப் பார்த்தாவது உங்கடை எண்டு தெரியும்தானே" என்றா. ஆகையால் றப்பர் முத்திரையை அனுப்பி வைக்கவும். அதில் என் பெயர் வேண்டாம். 'பிழைதிருத்தம்' என்ற ஒரு சொல் போதும். பெரிய எழுத்தில், பத்து யார் தூரத்திலிருந்து தெரியும்படி.